சாமியும் நானும் ஒரே ஆளான ஞாயிற்றுக்கிழமை

ஒழுங்கில்லாத மனிதர்களால் உலகத்தில் சின்னச் சின்னக் குழப்பங்கள்தான் வரும். பெரிய குழப்பம் வேண்டுமென்றால், என்னைப் போல ஒழுங்கான ஆள் ஒருவன் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

நான் எதற்கும் தேதி போட்டு வைக்கிறவன். மலேசியாவில், மலாக்கா மாநிலத்துச் செலண்டாருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம். எந்த லயத்து வீடுகளுக்கு எப்போது மின்சாரம் வந்தது, எந்த வெள்ளத்தில் எந்தப் பாலம் போனது என்று பல வருடங்களாகச் சேகரித்து வருகிறேன். யாரும் கேட்கவில்லை. (கேட்காமல் செய்தால் வரலாறு, கேட்டுச் செய்தால் அது வேலை.) இந்தக் கட்டுரைக்கு மட்டும் என் மனைவி விஜயா ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள்: ஒரு தேதிகூட வரக் கூடாது.

"தேதியில ஆரம்பிச்சீங்கன்னா கிழமை, திதி, அன்னைக்கு மழை பேஞ்சுச்சா இல்லையான்னு போய்க்கிட்டே இருப்பீங்க. நேரா விஷயத்துக்கு வாங்க லா."

விஷயம் இதுதான். என் மகள் ஷாமினியின் பரிசத்தன்று காலையில், நானும் எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமியும் ஒரே ஆளாகிவிட்டோம்.

அடையாள அட்டையில் நான் தனபாலன். வீட்டில் பாலு. தோட்டத்தில் 'காலண்டர்'. தோட்டத்தில் எல்லாருக்கும் இப்படி இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. எந்தப் பெயரை யார், எங்கே சொல்லலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி என்னைக் காலண்டர் என்று கூப்பிட மாட்டார். அம்மா 'தனபாலன்' என்று முழுதாகக் கூப்பிட்டால் ஓடிவிட வேண்டும் என்று அர்த்தம். எனவே, சமூக ஊடகம் என்று ஒன்று வந்தபோது நான் அங்கேயும் அதே முறையைக் கடைப்பிடித்தேன். ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு கணக்கு. (தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதை வாசிக்கிற நீங்களும் அதில்தான் இருப்பீர்கள்.)

சொந்தப் பெயரில் ஒன்று: கல்யாண வாழ்த்து, இரங்கல், விஜயாவுக்கு வருடாந்திர அன்பு. 'தோட்ட வரலாறு' என்று ஒன்று. பழைய சாமான் வாங்கி விற்க ஒன்று. 'மலாக்கா நாக்கு' என்று ஒன்று. அதில் சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட்டு மதிப்புரை எழுதுவேன். நான் எழுதுவது என்று விஜயாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைசியாக, முனியாண்டி சாமி.

சாமியின் கணக்கு என் சொந்த ஆசையில் வந்ததல்ல. தோட்டத்து ஜனங்கள் குருபோங், ஜாசின், ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிப்போன பிறகு, திருவிழாச் செய்தி சொல்ல ஏதாவது செய்யும்படி கோயில் தலைவர் ராமையா அண்ணன் கேட்டார். தளத்தில் இரண்டு வழிகள் இருந்தன. நிறுவனம் என்றால் 'பக்கம்', ஆள் என்றால் 'கணக்கு'. முனியாண்டி நிறுவனமா, ஆளா? நான் வாசித்த எந்த நூலிலும் அவரை நிறுவனம் என்று சொல்லவில்லை. எனவே கணக்குத் திறந்தேன். (இந்த முடிவில் எனக்கு இன்றுவரை தவறு தெரியவில்லை.)

கணக்கு என்றதும் அது பிறந்த தேதி கேட்டது. அதற்காக நான் பல நாள் தூங்கவில்லை. முனியாண்டி எப்போது பிறந்தார்? கடைசியில் முதல் கும்பாபிஷேகத் தேதியைப் போட்டேன். ஆணா, பெண்ணா என்ற கேள்வி சுலபம். தொழில்: காவல். வேலை செய்யும் இடம்: தோட்டம். திருமணமானவரா என்ற கேள்விக்கு 'சொல்ல விரும்பவில்லை'. அடுத்த வருடம் அந்தத் தேதியில் நூற்றுக்கணக்கான வாழ்த்துகள் வந்தன. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "ஹேப்பி பர்த்டே சாமி! காட் பிளஸ் யூ!"

சாமியின் நண்பர்களில் ஒருவர் மாணிக்கம். எங்கள் தோட்டத்துக்காரர்தான், என்னைவிடச் சில வயது மூத்தவர். தஞ்சோங் கிளிங்கில் கடற்கரைச் சாலை ஓரமாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். முன்பெல்லாம் வாரம் தவறாமல் கோயிலுக்கு வருவார். சாமியின் கணக்கு வந்த பிறகு கைத்தொலைபேசியைக் கல்லாப்பெட்டியில் சாய்த்து வைத்து, சாமி படத்தைத் திறந்து, அதற்கே சாம்பிராணி காட்டிவிட்டுக் கடையைத் திறப்பார். பிறகு படத்துக்குக் கீழே "முனியாண்டி துணை" என்று எழுதுவார். சாமி, அதாவது நான், அதற்கு ஒரு விருப்பக்குறி போடுவேன். மரியாதைக்காக ஆரம்பித்தது, தினசரிப் பூஜையாகிவிட்டது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், குறி போடவில்லை. அன்றைக்கு மத்தியானம்வரை அவர் கடை திறக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

"யாரோ ஒரு ஆளுதான் அமுத்துறான், எனக்குத் தெரியாதா?" என்று அவர் மற்றவர்களிடம் சொல்வாராம். "ஆனா அமுத்தத் தோண வைக்கிறது யாரு?"

அந்த ஆள் நான்தான் என்று ராமையா அண்ணனுக்கும் என் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். தட்டச்சு செய்கிறவனின் முகம் தெரிந்தால் சாமிக்கு மரியாதை குறைந்துவிடும் என்று ராமையா அண்ணன் சத்தியமே வாங்கியிருந்தார்.

இந்த மாணிக்கத்தின் மகன் பிரகாஷும் என் மகள் ஷாமினியும் ஒரே அலுவலகத்தில் வேலை. மற்றதை விவரிக்கத் தேவையில்லை. அவர்கள் விஷயத்தைச் சொன்னபோது மாணிக்கம் ஜாதகம் பார்க்கவில்லை, சாமியிடம் கேட்டார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முனியாண்டியின் முன்னால் போட்டு எடுத்தபோது வெள்ளை வந்தது. "சாமி சரின்னுட்டாரு. நான் யாரு குறுக்க நிக்க?" என்றார். அதன்படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குருபோங்கில் எங்கள் வீட்டில் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் சீர்தட்டுகளோடு வந்து, எமகண்டம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து தளத்தைப் பார்த்தேன். அதில் புதிய வசதி ஒன்று வந்திருந்தது. உங்களுடைய எல்லாக் கணக்குகளையும் இணைத்து ஒரே அடையாளமாக்கிக்கொள்ளலாம். இனி வரும் காலத்தில் ஒரு மனிதருக்கு ஒரு முகம்தான் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவர் என்று தேடிப் பார்த்தால், நான் துண்டு துண்டாக அல்லவா கிடைப்பேன்? முழு மாமனாராகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மலாக்கா நாக்கு நான்தான் என்பது தெரிந்தாலும் கெட்டுப்போகாது என்று நினைத்தேன். என் நடைக்குக் கொஞ்சம் பாராட்டுகூடக் கிடைக்கலாம்.

ஷாமினி மருதாணிக் கையோடு எட்டிப் பார்த்தாள். "அப்பா, என்னாப்பா அது? பரிசம் முடியட்டும் லா. இப்பப் போயி அதையெல்லாம் தொடாதீங்க."

"விதிமுறைகளைப் படிச்சுட்டுத்தான்மா செய்வேன்," என்றேன்.

படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். உலகத்தில் அந்த விதிமுறைகளை முழுதாகப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒரு விதி: எந்தக் கணக்குக்கு நண்பர்கள் அதிகமோ, அந்தப் பெயரும் படமுமே இணைந்த கணக்குக்கு வரும். அதையும் படித்தேன். 'தோட்ட வரலாறு'தான் முதலில் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இத்தனை வருட உழைப்பு! சரிபார்க்கவில்லை. முனியாண்டியை நான் போட்டியாளராகவே நினைக்கவில்லை.

பொத்தானை அமுத்தினேன். 'இணைப்பு நடைபெறுகிறது' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்போது விஜயா வந்து கைத்தொலைபேசியை என் கையிலிருந்து உருவினாள்.

"அங்க வாழைமரம் கட்ட ஆளில்ல, இங்க வட்டம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நாளைக்குப் பரிசம் முடியிற வரைக்கும் இது என் பீரோவுல இருக்கும்."

அமைதிப் பொத்தானைப் போட்டு, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மறுநாள் காலை. கூடாரம் தயார், சமையல் தயார், ஷாமினி தயார். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. முதலில் சாலையில் 'ஜாம்' என்று நினைத்தோம். பிறகு கவனித்தால், நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த என் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன், தட்டில் வைத்த வடையைக்கூட எடுக்காமல் காரை எடுத்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"நீ இன்னும் பாக்கலயா? தோட்டத்துக்குத்தான். எல்லாரும் அங்கதான் போய்க்கிட்டிருக்காங்க. நீயும் தட்டு மாத்திட்டு சீக்கிரம் வந்துரு."

யாரோடு தட்டு மாற்றுவது என்று நான் கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அந்த நேரத்தில் பிரகாஷ் ஷாமினியை அழைத்தான். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஷாமினி, சாரி லா. நாங்க வேன்ல வந்துக்கிட்டுத்தான் இருந்தோம். பாதி வழியில அப்பா வேனைத் திருப்பச் சொல்லிட்டாரு. சீர்தட்டெல்லாம் என் மடியிலதான் இருக்கு. இப்பக் கோயில்ல நிக்கிறோம்."

"கோயில்லயா? என்னாச்சு?"

"சாமியை வேற எடத்துக்குத் தூக்கப் போறாங்களாம். முனியாண்டியே போட்டிருக்காரு. 'இந்த மாதக் கடைசியில் வேறு இடத்துக்குப் போகிறோம்'னு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நிலம் கைமாறி, வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று கோயிலையே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். தோட்டத்து எல்லையில் யாராவது அளவுநாடாவோடு நின்றாலே பத்துப் பேர் போன் போட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முனியாண்டியே 'போகிறோம்' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

அந்த வரியை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். நான் எழுதியதுதான். வாடகை வீட்டிலிருந்து இந்தக் குருபோங் வீட்டுக்கு வந்த வருடம், பழைய சாமான் கணக்கில் எழுதியது. 'இந்த மாதக் கடைசியில் வேறு இடத்துக்குப் போகிறோம். எனவே நல்ல நிலையில் உள்ள வாஷிங் மெஷின் விற்பனைக்கு' என்று தொடரும். நண்பர் எண்ணிக்கையில் முனியாண்டி ஜெயித்து, அவர் பெயருக்கே வந்துவிட்ட இணைந்த கணக்கு, என் பழைய பதிவுகளையெல்லாம் புதிதுபோல எல்லாருக்கும் காட்டியிருக்கிறது. முதல் வரியை மட்டும் காட்டிவிட்டு, மிச்சத்தை 'மேலும் வாசிக்க' என்பதற்குள் வைத்துவிட்டது. அழுகிற நேரத்தில் யார் மேலும் வாசிப்பார்கள்?

ஷாமினி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா. அந்த பட்டனை அமுத்துனீங்களா?"

"விதிமுறைகளைப் படிச்சுட்டுத்தாம்மா..."

"அம்மா! பீரோவைத் திற!"

செலண்டாருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் ஷாமினி, பரிசப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக. பக்கத்தில் விஜயா, என் கைத்தொலைபேசியில் முனியாண்டி சாமியின் பதிவுகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள். இணைப்பை நீக்கும்படி ஏற்கெனவே கேட்டாயிற்று. 'உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும். அதுவரை பதிவுகளை அழிக்கவோ புதிதாக எழுதவோ முடியாது' என்று வந்திருந்தது.

"முனியாண்டி சாமி, டவுன் கவுன்சிலுக்குக் கடுமையான கண்டனம். வீட்டு வாசல்ல சாக்கடை அடைச்சுக்கிட்டு மூணு வாரமாச்சாம்."

"சரி."

"முனியாண்டி சாமிக்கு முட்டிவலி. நல்ல எண்ணெய் தெரிஞ்சவங்க சொல்லலாம். கீழ நாப்பது பேரு எண்ணெய் சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் காலையில."

"போதும் விஜயா."

அவள் திடீரென்று நிறுத்தினாள். சாலையில் ஒரு லோரி எங்களைக் கடந்து போனது. "'என் அன்பு மனைவி விஜயாவுக்கு இனிய திருமண நாள் வாழ்த்துகள். உன் கை மணத்தில் மயங்கியவன்.' போட்டது முனியாண்டி சாமி." என் பக்கம் திரும்பினாள். "இப்ப நான் யாரு பொண்டாட்டிங்க?"

நான் வேகத்தைக் கூட்டினேன்.

"உங்க அக்கா கீழ கும்பிடு போட்டிருக்காங்க. எனக்கு! கல்யாணமான நாள்லேருந்து என்னை நிமிந்து பாக்காதவங்க!"

பின்னாலிருந்து ஷாமினி, "அம்மா, அடுத்ததைப் படிக்காதம்மா," என்றாள். அவள் தன் போனில் முன்கூட்டியே பார்த்துவிட்டாள்.

விஜயா படித்தாள். "'தஞ்சோங் கிளிங் வாழையிலைக் கடை. மீன்குழம்பு நம்பிக்கையோடு தொடங்கியது. ரசமோ, தக்காளியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இரண்டு நட்சத்திரம்.'" போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். "என்னாங்க, இது மாணிக்கண்ணன் கடை."

ஷாமினியும் பிரகாஷும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பு, மாணிக்கம் எனக்குச் சம்பந்தியாவார் என்று எந்த அறிகுறியும் இல்லாத காலத்தில் எழுதிய மதிப்புரை அது. எழுதிவிட்டு எந்தக் கடை என்றே மறந்துவிட்டேன். அப்போது என் நடை நன்றாக இருந்தது என்று நினைத்துப் பெருமைப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

தோட்டத்துக்குள் திரும்பியபோது கார் நிறுத்த இடமில்லை. செம்பனை மரங்களுக்கு இடையிலெல்லாம் வண்டிகள். திருவிழாவுக்குக்கூட இந்தக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வருடக் கணக்கில் வராதவர்கள், சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள், சிங்கப்பூர்ப் பதிவெண் போட்ட கார்கள் எல்லாம் இருந்தன. முனியாண்டியின் முன்னால் பெண்கள் வரிசையாக எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சிலர் பீடத்தைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். ராமையா அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்க கமிட்டிக்கு எந்தத் தகவலும் வரல, யாரும் பதற வேணாம்," என்று பதற்றமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்காமலே, "டேய் காலண்டரு, என்னாடா செஞ்ச?" என்றார். தோட்டம் முழுக்கக் கேட்டது.

மாணிக்கம் சாமிக்கு நேர் எதிரே, பட்டு வேட்டியில், பரிசத்துக்கு வந்த கோலத்திலேயே நின்றார். கண் சிவந்திருந்தது. நான் கிட்டே போனதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குப் பரிசம் வேணாம்னு தோணுது."

"ஏன் சம்பந்தி?"

"எடத்தை விட்டுப் போறாரு, அது ஒரு பக்கம். என் கையில குறை இருக்குன்னும் சொல்லிட்டாரு. ரசத்தைப் பத்திப் போட்டிருக்காரு, பாத்தீங்களா? எத்தனை வருஷமா அவருக்குக் காட்டிட்டுத்தான் கடையைத் தொறக்கிறேன். ஒரு குறை இருந்திருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம்ல? இப்ப, பரிசத்தன்னைக்குன்னு பாத்துச் சொல்றாருன்னா... பூ குடுத்த வாயாலயே வேணாங்கிறாருன்னுதானே அர்த்தம்?"

பிரகாஷ் சீர்தட்டைப் பிடித்தபடி பின்னால் நின்றான்.

இரண்டு வழிகள் இருந்தன. யாரோ கணக்கை ஊடுருவிவிட்டார்கள் என்று சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள், ராமையா அண்ணனுக்குக் கொடுத்த சத்தியமும் நிற்கும். அல்லது உண்மையைச் சொல்லலாம். முதலாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்ததும் இரண்டாவது வழிக்கு மாறினேன். ராமையா அண்ணனின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இணையவழி அடையாளங்கள் ஒருங்கிணைக்கப்படும் இன்றைய காலகட்டத்தில்..."

"காலண்டரு, சுருக்கமா சொல்லு லா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"சாமி எங்கயும் போகல. போனது நான். வாடகை வீட்டுல இருந்து குருபோங்குக்கு. சாமி பேருல எழுதுற ஆளு நான்தான். நேத்து ஒரு பட்டனை அமுத்துனேன், என் பேச்சும் சாமி பேச்சும் ஒன்னாயிருச்சு. அது வாஷிங் மெஷின் விளம்பரம்."

விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா மெதுவாக, "அப்ப முட்டிவலி யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்க்கா."

"நான் எண்ணெய் கொண்டாந்திருக்கேனே!" என்று அவர் பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினார்.

"மெஷினு வித்தாச்சா, இன்னும் இருக்கா?" என்றார் பீடத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவர். அங்கிருந்துதான் சிரிப்பு ஆரம்பித்தது. பயந்துபோயிருந்த கூட்டம் அல்லவா, சிரிப்பு சீக்கிரம் பற்றிக்கொண்டது. ராமையா அண்ணனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பு அடங்கக் காத்திருந்து கேட்டார். "அப்ப தெனமும் காலையில எனக்குக் குறி போட்டது நீங்களா?"

"ஆமா சம்பந்தி."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஆமா."

"ரசமும் நீங்கதானா?"

"நான்தான்."

"அப்படியா இருந்துச்சு?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். விஜயா என் முழங்கையைக் கிள்ளினாள். ஆனால் ஆவணம் என்று வந்துவிட்டால் என் வாய்க்கு வேறு மாதிரி வராது. "அன்னைக்கு இருந்துச்சு," என்றேன்.

"அன்னைக்குச் சமையல்காரன் லீவு போட்டிருப்பான்," என்றார் மாணிக்கம். "அவன் லீவுன்னா நான்தான் ரசம் வெப்பேன்."

இதற்கு மேல் பள்ளத்தில் இறங்க முடியாது என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேன் நின்ற பக்கமாகத் திரும்பினார். பிரகாஷ், "அப்பா," என்றான். அவர் நிற்கவில்லை.

ஷாமினி, புடவை முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ஒன்னு சொல்லிட்டு விட்டுர்றேன். சாமி பேருல எங்கப்பா உக்காந்திருந்தது தப்புதான், நீங்க திட்டுங்க. ஆனா ஒருதடவை அவருக்கு டெங்கி. ஜி.எச்.ல படுத்திருந்தாரு, கண்ணே தொறக்கல. மறுநாள் கண்ணைத் தொறந்ததும் மொத வார்த்தை என்ன தெரியுமா? 'மாணிக்கண்ணன் கடை தொறந்தாரா?' கையில டிரிப் ஏறிக்கிட்டிருக்கு, இன்னொரு கையால உங்களுக்குக் குறி போட்டாரு. நர்ஸ் ஏசுனாங்க. எங்கம்மாவுக்குக்கூட அவரு ஒருநாள் காலையில காபி போட்டுக் குடுத்ததில்ல மாமா."

"அது உண்மை," என்றாள் விஜயா, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி.

மாணிக்கம் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"காபிகூடவா போட்டதில்ல?"

"இல்லண்ணே," என்றாள் விஜயா.

"நானும் போட்டதில்லம்மா. போட்டா ரசம் மாதிரிதான் இருக்கும்." அவர் சாமி பக்கம் திரும்பினார். பீடத்துக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். "போனுலயே கும்பிட்டுக்கிட்டு, இங்க வந்தே ரொம்ப நாளாச்சு. படத்துல மீசை இவ்வளவு பெருசாத் தெரியாது." பிறகு பிரகாஷைக் கூப்பிட்டார். "டேய், தட்டை எறக்கு. எமகண்டத்துக்கு நேரம் இருக்குல்ல? பூ குடுத்தவரு இங்கதான் இருக்காரு, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எதுக்குக் குருபோங் வரைக்கும்?"

இப்படித்தான் என் மகளின் பரிசம் செம்பனைக்கு நடுவில், முனியாண்டியின் முன்னால், சாமியைக் காப்பாற்ற வந்த அத்தனை பேரின் சாட்சியாக நடந்தது. குருபோங் வீட்டில் வைத்திருந்த சாப்பாட்டைப் பெரியப்பா மகன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது போதாமல் மாணிக்கம் தன் கடையிலிருந்து ஒரு பெரிய அண்டா ரசம் வரவழைத்து, முதல் கிண்ணத்தை எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்தார். சமையல்காரர் லீவு போடாத நாள், அருமையாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா, "பேசாமக் குடிங்க," என்றாள்.

கணக்குகளைப் பிரித்துக் கொடுக்கத் தளத்துக்குப் பல வாரங்கள் ஆயின. அதுவரை நான் எதுவும் எழுதவில்லை. முனியாண்டியும் எழுதவில்லை. இனிமேல் உலகத்தில் எல்லாருக்கும் ஒரே முகம்தான் இருக்கப்போகிறது, அதுதான் நேர்மை என்கிறார்கள். இருக்கட்டும். பாலுவிடம் சொல்ல வேண்டியதைக் காலண்டரிடம் சொல்லாத ஊரில் வளர்ந்தவன் நான். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சாமிக்கு இப்போது 'பக்கம்' இருக்கிறது. அதை ஷாமினியும் பிரகாஷும் பார்த்துக்கொள்கிறார்கள். மாணிக்கத்துக்குக் காலையில் குறி போடும் வேலையை மட்டும் நான் விடவில்லை. இப்போது என் சொந்தப் பெயரில் போடுகிறேன். அவர் அதற்கும் கடையைத் திறக்கிறார்.

அன்றைக்குக் கூடிய கூட்டம், அடுத்த வருடமும் அதே ஞாயிற்றுக்கிழமை தானாக வந்தது. யாரும் கூப்பிடவில்லை. 'சாமி வீடு மாறாத நாள்' என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள். பொங்கல் வைக்கிறார்கள், பழைய சண்டைகளைத் தீர்த்துக்கொண்டு புதிய சண்டைகளை ஆரம்பிக்கிறார்கள், மாணிக்கம் அண்டாவோடு வருகிறார். ஒரு விழா தோன்றிய விதத்துக்குச் சாட்சியாக இருப்பது எந்த வரலாற்றுக்காரனுக்கும் கிடைக்காத பாக்கியம். ஆனால் போன தடவை சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஜோகூர்க்காரர் ஒருவர், இந்த விழா எப்படி வந்தது என்று எனக்கே விளக்க ஆரம்பித்தார்.

"தோட்டத்தை விக்க ஏற்பாடு நடந்துக்கிட்டிருந்துச்சு சார். யாருக்கும் தெரியாது. ராவோட ராவா சாமியே எல்லாரு போனுலயும் வந்து சொல்லிட்டாரு. காலையில இவ்வளவு கூட்டத்தைப் பாத்துட்டு, வாங்க வந்தவன் ஓடியே போயிட்டான்."

அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் எல்லா ஆதாரமும் இருந்தது. "இல்லீங்க, அது வந்து, அந்தக் கணக்கை நடத்தின ஆள்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆளெல்லாம் யாரும் இல்ல சார். எங்க மாமா நேர்ல பாத்தவரு. சாமியேதான்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அதன் அர்த்தம் விஜயாவுக்குத் தெரியும். என்னை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு அவரிடம் சொன்னாள்.

"ஆமாங்க, சாமியேதான். போற போக்குல எங்க வீட்டு வாஷிங் மெஷினையும் வித்துக் குடுத்துட்டுப் போனாரு."

அவர் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.